தேக்காவிலிருந்து கேலாங் சிராய் வரை, சுடச்சுட

தேக்கா நிலையத்தின் தரைத்தளத்தில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் வேலை செய்யும். ஒரு பக்கம் ஈரச்சந்தையின் மீனும் நண்டும் ஆட்டிறைச்சியும். மறுபக்கம் பிரியாணி அண்டாவின் ஆவி, புரோட்டாக் கல்லில் தெறிக்கும் எண்ணெய், தோசையின் புளித்த மணம். இரண்டு உலகங்களுக்கும் நடுவே சில அடி தூரம்தான். வாரம் தவறாமல் வருகிறவர்களுக்கு அந்தச் சில அடி கண்ணில் படாது. எனக்கும் பல வருடங்கள் பட்டதில்லை.

இந்த ஆண்டு பட்டது, காரணம் அம்மா. அவருக்கு வயது 71. புற்றுநோய்க்கான சிகிச்சை ஆறு மாதம் நடந்தது. முடிந்ததும் மருத்துவர், “இனி வெளியில் சாப்பிடலாம், ஆனால் கொஞ்ச நாளைக்குச் சமைத்த சூட்டோடு மட்டும்” என்றார். மருத்துவமனையின் உணவியல் நிபுணர் ஒரு பட்டியலும் தந்தார். பச்சைக் காய்கறி வேண்டாம். வெட்டி வைத்த பழம் வேண்டாம். அரைவேக்காட்டு முட்டை வேண்டாம். ஆறிப்போன எதுவும் வேண்டாம். காயா ரொட்டியோடு அரைவேக்காட்டு முட்டையைக் குடித்தே பாதி ஆயுளைக் கழித்தவரிடம் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்? அம்மா பட்டியலைப் படித்து முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “ரோஜாக் இதுல இல்லையே?”

அப்படித்தான் நானும் அவரும் தேக்காவில் ஆரம்பித்து கேலாங் சிராயில் முடிந்த ஒரு நடை போனோம். கடைகளின் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதங்களை நான் வாழ்க்கையில் முதல்முறையாக நின்று படித்தேன்.

*

இந்த இடத்தின் பெயரே ஒரு கதை. கண்டாங் கெர்பாவ் என்றால் மலாயில் எருமைத் தொழுவம். 1915ல் கட்டிய பழைய சந்தைக்கு அந்தப் பெயர்தான். பக்கத்து மருத்துவமனையை நாம் இன்றும் ‘கேகே’ என்று கூப்பிடுகிறோமே, அதே கேகே. சந்தை 1982ல் சாலைக்கு இந்தப் பக்கம், இப்போதைய கட்டடத்துக்கு வந்தது. அப்போது அதற்கு ‘சூஜியாவ் நிலையம்’ என்று மாண்டரின் ஒலிப்பில் பெயர் வைத்தார்கள். யார் வாயிலும் அது நுழையவில்லை. 2000ல் மக்கள் வாய்க்குப் பழகிய தேக்காவே அதிகாரப்பூர்வப் பெயரானது.

அம்மாவுக்கு அதற்கு முந்தைய தேக்கா நினைவிருக்கிறது. கூரையில்லாத தேக்கா. பஃபளோ ரோடு ஓரத்தில் தள்ளுவண்டிகள், தலையில் தட்டு வைத்துக் காச்சாங் பூத்தே விற்றவர்கள், கூடையில் புட்டுமாயம் கொண்டு வந்தவர்கள். “ஒரே வாளித் தண்ணி. காலைல எடுத்து வைப்பாங்க. அதுலயேதான் எல்லா மங்கும் கழுவுவாங்க. சாயங்காலம் அந்தத் தண்ணி கறுப்பா இருக்கும், அதையும் கால்வாயில ஊத்திட்டுப் போவாங்க” என்றார் அம்மா. சொல்லும்போது முகத்தில் அருவருப்பு இல்லை, ஏக்கம்தான் இருந்தது. அந்த வாளி நீரின் இன்னொரு பெயர் டைஃபாய்டு, காலரா. அது அன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது யாரோ ஒருவர் “மாத்தா வர்றான்!” என்று கத்துவதும், அடுத்த நிமிடம் வண்டிகள் எல்லாம் சந்துக்குள் மறைவதும்தான்.

துரத்திப் பிடிப்பது பலிக்காது என்று தெரிந்தபிறகே வேறு வழி வந்தது. 1968, 69ல் தீவு முழுவதும் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுத்துப் பதிவு செய்தார்கள். சுமார் 18,000 பேர். பிறகு 1971லிருந்து குழாய் நீரும் கழிவுநீர் வடிகாலும் மின்சாரமும் உள்ள உணவங்காடி நிலையங்களைக் கட்டி, ஒவ்வொரு வட்டாரமாக அவர்களை உள்ளே கொண்டு வந்தார்கள். 1986ல் அந்த வேலை முடிந்தது. சிங்கப்பூர் ஆற்றைச் சுத்தம் செய்யும் பத்தாண்டுத் திட்டம் 1977ல் தொடங்கியபோது, ஆற்றங்கரைகளிலிருந்து மட்டும் சுமார் 5,000 வியாபாரிகள் இடம் மாறினார்கள். உணவுப் பாதுகாப்பு என்றதும் நமக்குச் சட்டமும் அபராதமும் நினைவுக்கு வருகின்றன. இந்த ஊரில் அது முதலில் குழாயடியாகத்தான் வந்தது. கை கழுவ ஒரு குழாய் கொடுக்காமல் கை கழுவு என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது?

2020 டிசம்பரில் நம் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றபோது எல்லாரும் சிக்கன் ரைஸைப் பற்றியே பேசினார்கள். அந்தக் குழாய்க்கும் ஒரு மாலை போட்டிருக்கலாம்.

*

சரி, சுவருக்கு வருவோம். 1997லிருந்து சிங்கப்பூர்க் கடைகளுக்கு எழுத்து மதிப்பெண் போடத் தொடங்கினார்கள். 85 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் ஏ. 70 முதல் 84 வரை பி. 50 முதல் 69 வரை சி. 40 முதல் 49 வரை டி. பள்ளிப் பிள்ளையின் மதிப்பெண் அட்டையைப் போல, வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டி வைக்க வேண்டும்.

ஆனால் நாம் அதை எப்படிப் படிக்கிறோம்? படிப்பதே இல்லை. வரிசையைத்தான் பார்க்கிறோம். வரிசை நீண்டிருந்தால் கடை நல்ல கடை. என் அலுவலக நண்பர் ஒருவருக்கு வினோதமான நம்பிக்கை உண்டு: ஏ வாங்கிய கடையில் ருசி இருக்காது, பி-யில்தான் கைப்பக்குவம் இருக்கும் என்பார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வேறு மூன்று பேர் அதையே சொல்லக் கேட்டபிறகு இது ஊரறிந்த தத்துவம் என்று புரிந்தது. எலிக்கும் ருசிக்கும் என்ன உறவு என்று மட்டும் யாரும் விளக்கவில்லை.

அந்த எழுத்துக்கு ஓர் உண்மையான குறையும் இருந்தது. ஆய்வாளர் வந்த அந்த ஒருநாள் கடை எப்படி இருந்தது என்பதைத்தான் அது சொன்னது. மற்ற நாள்களுக்கு அது சாட்சி இல்லை. 2019 ஏப்ரல் முதல் தேதி சிங்கப்பூர் உணவு அமைப்பு தொடங்கப்பட்டு, உணவு தொடர்பான பொறுப்புகள் ஒரே கூரைக்கு வந்தபின் இந்தக் குறையையும் தொட்டார்கள். ‘சேஃப்’ என்ற புதிய ஏற்பாட்டின் அடிப்படை, ஒருநாள் தோற்றத்தைவிடப் பல ஆண்டுத் தடப்பதிவுதான். தொடர்ந்து ஒழுங்காக இருக்கும் கடைக்கு 3, 5, 10 ஆண்டு என்று நீண்ட உரிமம். திருமணத்துக்குப் பெண் பார்க்கும்போது ஒருநாள் சொஜ்ஜி பஜ்ஜியை நம்பாமல் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோமே, அது மாதிரி.

விசாரிக்க நாமும் அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் கடை குற்றப் புள்ளி வாங்கியது, எது தற்காலிகமாக மூடப்பட்டது என்பதை அமைப்பின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். நான் அம்மாவை உட்காரவைத்துவிட்டுக் கைப்பேசியில் தேடினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. “முப்பது வருஷமா சாப்பிடுற கடைடா. அவன் முகத்தைப் பார்த்தா தெரியாதா?” என்றார்.

தெரியாது என்பதுதான் சங்கடம். கிருமி முகத்தில் தெரிவதில்லை. கடைக்காரர் நல்ல மனிதராக இருப்பதும் கத்திப்பலகை சுத்தமாக இருப்பதும் இருவேறு விஷயங்கள்.

*

என் அண்ணி ஓர் உணவு விநியோக நிறுவனத்தின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறார். அவர்தான் எனக்கு இதில் குரு. சோற்றைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபின் எலுமிச்சைச் சாதத்தைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

“தம்பி, எல்லாரும் கறியைத்தான் பார்த்து பயப்படுறாங்க. சோத்தைப் பார்த்து யாரும் பயப்படுறதில்ல” என்றார். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி. அதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், கொதியிலும் சாகாது. சோறு வெந்து சூடாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். ஆறத் தொடங்கியதும் விழித்துப் பெருகும். பெருகும்போது அது விடும் நஞ்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் போகாது. பெரிய அண்டாவில் ஆக்கிய குழம்புக்கும் இதேபோல் வேறொரு கிருமி இருக்கிறது. அண்டாவின் மேல்பகுதி ஆறினாலும் நடுவில் இளஞ்சூடு பல மணி நேரம் நிற்கும். அந்த இளஞ்சூடுதான் அதற்குத் தொட்டில்.

அதனால்தான் இரண்டு எண்கள்: 5, 60. உணவு 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும், இல்லை 60 டிகிரிக்கு மேலே சூடாக இருக்க வேண்டும். இடையில் இருக்கும் நேரம்தான் ஆபத்து. நம் ஊர் வெயிலும் புழுக்கமும் சரியாக அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

கல்யாண வீட்டு பஃபே மேசையில் ஒரு சிறிய ஒட்டுத்தாளைப் பார்த்திருப்பீர்கள். எத்தனை மணிக்குச் சமைத்தது, எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும். கணக்கு நான்கு மணி நேரம். நம் வீட்டு விசேஷங்களில் அந்த ஒட்டுத்தாளுக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருப்பீர்கள். பூசை முடிய நேரமாகும். மாப்பிள்ளை வீட்டார் வர நேரமாகும். படம் பிடிப்பவர் இன்னும் நேரமாக்குவார். சாப்பாடு தொடங்கும்போதே மூன்று மணி நேரம் போயிருக்கும். கடைசியில் பெரியம்மாக்கள் டப்பாவோடு வந்து “மிச்சத்தைத் தபாவ் பண்ணலாம், கொட்டினா பாவம்” என்பார்கள். அண்ணி ஒவ்வொரு தடவையும் குறுக்கே நின்று கெட்ட பெயர் வாங்கிக்கொள்கிறார். “சோறு போட்டதுக்கு யாரும் நன்றி சொல்ல வேணாம். மறுநாள் காலைல யாரும் போன் பண்ணாம இருந்தா போதும்” என்பார்.

*

இந்த விதிகளால் யாருக்கும் வலிக்காது என்று சொல்லமாட்டேன். வேறொரு வட்டாரத்தில், பெயர் சொல்ல வேண்டாம், எனக்குப் பழக்கமான ஒரு கடை இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. 12 மாதத்துக்குள் 12 குற்றப் புள்ளி சேர்ந்தால் உரிமம் இரண்டு வாரமோ நான்கு வாரமோ தற்காலிகமாகப் பறிபோகும், ரத்தாகவும் கூடும். கரப்பான்பூச்சித் தொல்லை என்று பக்கத்துக் கடை மக்சிக் சொன்னார். கடைக்காரர் எழுபதைத் தொட்டவர். கடை மூடியிருந்தும் தினமும் காலையில் வந்து, தன் கடைக்கு எதிர் மேசையில் ஒரு கோப்பி ஓவோடு உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லையாம்.

“வகுப்புக்குப் போகணும்யா. உணவுப் பாதுகாப்பு வகுப்பு. மறுபடியும்” என்றார். கடை இடைநிறுத்தப்பட்டால் அங்கே உணவைக் கையாளும் எல்லாரும் அந்தப் பயிற்சிக்குத் திரும்பப் போய்த் தேறியாக வேண்டும். “தேர்வெல்லாம் இருக்கு. நாப்பது வருஷமா சமைக்கிறேன், என்னைப் போய்க் கை கழுவக் கத்துக்கன்னா…” பாதியில் நிறுத்திவிட்டார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதே நேரம், என் அம்மாவைப் போன்ற ஒருவர் அந்தக் கடையில் சாப்பிட்டிருந்தால் என்று நினைப்பும் வந்தது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளாமல் மனதில் அப்படியே நிற்கின்றன.

என் கணிப்பு இது: இரண்டு வார வருமானம் போவதைவிட அந்தக் காகிதம் எல்லாரும் பார்க்கத் தொங்குவதுதான் அவருக்கு வலித்தது. விதியின் பல் அங்கேதான் இருக்கிறது.

*

லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறி, மெக்பர்சனில் மாறினால் அடுத்த நிறுத்தம் பாய லேபார். அங்கிருந்து கேலாங் சிராய் சந்தை நடக்கும் தூரம்தான். அம்மா வழியில் இரண்டு முறை உட்கார்ந்தார். சந்தை கம்பத்து வீட்டுக் கூரைபோல் சாய்ந்த கூரையோடு நிற்கிறது. கீழே ஈரச்சந்தை, மேலே உணவுக் கடைகள்.

ஆனால் எனக்கு அந்தச் சந்தையைப் பார்த்ததும் 2009தான் நினைவுக்கு வந்தது. அப்போது இந்தக் கட்டடம் தயாராகவில்லை. பக்கத்தில் தற்காலிகச் சந்தை ஒன்று நடந்தது. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அங்கே ஒரு கடையில் இந்திய ரோஜாக் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தன. எண்ணிக்கை 154ஐ எட்டியது. இரண்டு பெண்கள் இறந்தார்கள். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமி காரணம் என்று சுகாதார அமைச்சு கண்டறிந்தது. கடல் உணவில் வாழ்வது, நன்றாக வேகவைத்தால் செத்துவிடுவது. பச்சைக் கடல் உணவிலிருந்து ரோஜாக்கின் சமைத்த பொருள்களுக்கு அது தொற்றியிருக்க வேண்டும் என்பதே முடிவு. எலிகள் நடமாடியதும் வெளியே வந்து, சந்தையையே மூடிக் கழுவினார்கள்.

அன்றைக்கு நம் வீடுகளில் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அது ‘நம்ம’ உணவு. கடைக்காரர்களும் நம்மவர்கள். முதல் சில நாள்கள் எல்லாரும் கோபப்படத் தயங்கினார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லையே என்றார்கள். உண்மைதான். பச்சை மீனை வெட்டிய பலகை, அல்லது அதைத் தொட்ட ஒரு கை, அவ்வளவுதான் வேண்டியிருக்கும். தேக்காவில் ஈரச்சந்தைக்கும் சமையலுக்கும் இடையே நான் பார்த்த அந்தச் சில அடி இடைவெளி, ஒரு கடைக்குள் ஒரு சாண் ஆகிவிடுகிறது. அந்த ஒரு சாணைக் காப்பாற்றத்தான் இத்தனை ஆய்வும் புள்ளியும் வகுப்பும்.

விதிகள் பெரும்பாலும் இப்படி யாரோ பாதிக்கப்பட்ட பிறகே வருகின்றன. 2015ல் பச்சை நன்னீர் மீன் சாப்பிட்ட பலருக்கு குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று வந்தது. அந்த ஆண்டு இறுதியில் நன்னீர் மீனைப் பச்சையாகப் பரிமாறுவதையே தடை செய்தார்கள். கஞ்சியோடு பச்சை மீன் துண்டு சாப்பிட்டுப் பழகிய எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இன்னும் அதில் வருத்தம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் உணவுப் பாதுகாப்புக்கும் உணவு மீள்திறனுக்கும் சேர்த்து ஒரே புதிய சட்டத்தை நிறைவேற்றியது. பறவைகளுக்கு மட்டும் எந்தச் சட்டமும் எட்டவில்லை. மேல்தளத்தில் ஒரு மைனா, யாரோ விட்டுப்போன தட்டின் விளிம்பில் நின்று எங்களை முறைத்தது. தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் நடவடிக்கை என்று 2021 செப்டம்பரில் வந்ததை அந்தத் தட்டின் சொந்தக்காரருக்கு மைனாதான் சொல்ல வேண்டும்.

ரோஜாக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் அடுக்கியிருந்தது. இறால் வடை, தேங்காய் வடை, உருளைக்கிழங்கு, தவ்வு, தெம்பே, முட்டை, சிவப்புச் சாயம் போட்ட அந்தப் பெயர் தெரியாத உருண்டை. நான் பார்த்தது வேறு: இடுக்கி இருக்கிறதா, பெட்டி மூடியிருக்கிறதா, காசு வாங்கும் கையும் வெட்டும் கையும் ஒன்றா. காசை வேறொரு பெண் வாங்கிக்கொண்டிருந்தார். பச்சைக் கடல் உணவு எதுவும் கண்ணில் படவில்லை. வேர்க்கடலைச் சாறு அடுப்பின்மேல் கொதித்தது.

அம்மா தேர்ந்தெடுத்ததைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டார். “தம்பி, வெள்ளரிக்கா வெங்காயம் எதுவும் வேணாம். எண்ணெய் நல்லாக் காஞ்சதும் போட்டு, உள்ள வரைக்கும் சுட வச்சிடுங்க.”

கடைக்காரர் அந்தத் துணியைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. “சரிங்கம்மா” என்றார். வழக்கமாக ஒரு நிமிடத்தில் எடுப்பதை எண்ணெயிலேயே விட்டுவைத்தார். இடையில் வெட்டும் பலகையைக் குழாயடிக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தார், கத்தியையும். பின்னால் வரிசையில் நின்ற இளைஞர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைக்காரர் அவசரப்படவில்லை.

சாறு தனிக் கிண்ணத்தில், கொதிக்கக் கொதிக்க வந்தது. அம்மா முதல் துண்டை ஊதி ஊதிச் சாப்பிட்டார். ஆறு மாதமாக எதிலும் ருசி இல்லை என்று சொன்னவர், எதுவும் பேசாமல் நான்கு துண்டு சாப்பிட்டார். பாதித் தட்டில் நிறுத்தி, பெருமூச்சு விட்டு, மீதியைத் தபாவ் பண்ணலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

“அப்ப உட்காரு” என்றார் அம்மா. “முழுசையும் தின்னுட்டுத்தான் வருவேன்.”